நடு ஓடையில் நின்ற கழுதை

கட்டிலையும் மேசையையும் முற்றத்துக்குத் தூக்கிப் போட்டாகிவிட்டது. துணிப்பெட்டி, அலமாரி, மாவுப் பீப்பாய் எல்லாம் ஆப்பிள் மரத்தடியில் கிடந்தன. மெத்தைமேல் ஒரு கோழி ஏறி உட்கார்ந்திருந்தது. வீட்டின் இரண்டு அறைகளும் காலி. இரண்டுக்கும் நடுவே உள்ள வாசலில் மட்டும் இரண்டு நாற்காலிகள்.

அந்த மலைப்பக்கத்தில் வீட்டில் ஆட்டம் என்றால் பிடில்காரன் உட்காரும் இடம் நடுவாசல்தான். அங்கே இருந்தால்தான் இரண்டு அறைக்கும் சத்தம் போகும். லோன்சோ ராட்லிஃப் மீசை முளைத்த நாளிலிருந்து ஓடையின் மேல்பக்கத்து வீடுகள் அத்தனையிலும் நடுவாசலில் உட்கார்ந்தவன். நாற்பதைத் தாண்டி, இன்றைக்குத்தான் சொந்த வீட்டில், சொந்தக் கல்யாண விருந்துக்கு உட்காரப் போகிறான். பெண்டாட்டி உட்கார வேண்டிய இரண்டாவது நாற்காலியை எந்த அறையைப் பார்த்துப் போடுவது என்று தெரியவில்லை. காலையிலிருந்து அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

கல்யாணம் முந்தின நாளே பெண் வீட்டில் முடிந்துவிட்டது. பிடில் பாவம் என்கிற போதகர் இருந்ததால் அங்கே அதற்கு இடமில்லை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்து. மதியச் சாப்பாடு, பிறகு ஆட்டம். மணப்பெண் வெர்டி விடிந்ததும் அவனோடு குதிரையில் வந்துவிட்டாள். ஒரு கையில் அவன் இடுப்பு, மறு கையில் அவளுடைய பிடில் பெட்டி. அவளுடைய அண்ணன் ஹோபர்ட் கேசலும் சொந்தக்காரர்களும் பின்னால் வண்டியில் வர வேண்டும்.

வழியில் அவள் ஒன்று சொன்னாள். சண்டை போடும் குரலில் இல்லை. பால் கறக்கும்போது பேசுகிற குரலில்.

"எங்கண்ணன் இன்னைக்குக் கோவிச்சுக்கிட்டு வண்டியேறினா நானும் ஏறிடுவேன், லோன்சோ. என் சனம் கால் வைக்காத வீட்டுல என்னால குடித்தனம் பண்ண முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

லோன்சோ குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டே சரி என்றான். அவள் சொன்னால் செய்வாள். அவனுக்குப் பிடித்ததே அதுதான்.

ராட்லிஃப்களுக்கும் கேசல்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு கழுதை.

'ஈரக் கழுதை' என்று ஒரு பழைய மெட்டு. முதல் பாதியில் கோவேறு கழுதை மலையிறங்கி வரும். இரண்டாம் பாதியில் ஓடையைக் கடக்கும். ராட்லிஃப்கள் வாசித்தால் அது நடு ஓடையில் நிற்கும். நிற்பது ஒரே ஒரு தாளத் தட்டுக்குத்தான், காலைத் தூக்கி வைக்கும் நேரம். பிறகு நடக்கும். அந்தக் கழுதைமேல் உட்கார்ந்து வந்தவர் லோன்சோவின் தாத்தா. மெட்டைக் கட்டியவரும் அவரே. நின்றதா இல்லையா என்று அவருக்குத் தெரியாதா என்பது ராட்லிஃப்கள் கட்சி. கழுதையை அவருக்கு விற்றவர் ஹோபர்ட்டின் தாத்தா. கேசல் வீட்டில் வளர்ந்த கழுதை எந்தத் தண்ணீரிலும் நின்றதில்லை என்பது கேசல்கள் கட்சி. அவர்கள் வாசித்தால் அது நேரே கரையேறிவிடும்.

லோன்சோ இளைஞனாக இருந்தபோது இதே வீட்டில் சோளம் உரிக்கும் நாளன்று ஓர் ஆட்டம் நடந்தது. அவனுடைய சித்தப்பா பிளெஸ் பிடில், ஹோபர்ட் பாஞ்சோ என்கிற தோல் போர்த்திய தந்தி வாத்தியம். ஓடை வந்தது. பிளெஸ் நின்றார். ஹோபர்ட் நிற்கவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் ஹோபர்ட் எழுந்து, பாஞ்சோவை மாவுச் சாக்கில் போட்டுக் கட்டி, ஆடிக்கொண்டிருந்த மனைவி ஆலியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். அத்தோடு சரி. மேல் ஓடைக்காரர்கள் பாஞ்சோ இல்லாமல் ஆடினார்கள். கீழ் ஓடைக்காரர்கள் பிடில் இல்லாமல் ஆடினார்கள், ஹோபர்ட்டின் தங்கை தானாகவே பிடில் கற்றுக்கொள்ளும் வரை.

அந்தத் தங்கையை லோன்சோ போன வருஷம் மாவு மில்லில் பார்த்தான். வெர்டியின் முதல் புருஷன் சுரங்கத்தில் செத்து, அவள் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த சமயம். சோளம் அரைபடும் வரை வண்டித் தட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். 'ஈரக் கழுதை'தான். ஓடை வந்தது, அவள் நிற்காமல் போனாள், லோன்சோவின் முகம் கோணியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த சுற்றில் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இன்னும் வேகமாகப் போனாள். அதற்குப் பிறகு அவன் வீட்டில் சோளமாவு தீரவே இல்லை. ஆனாலும் வாரா வாரம் மில்லுக்குப் போனான். இருவரும் எத்தனையோ மெட்டுகளைச் சேர்ந்து வாசித்தார்கள், அந்த ஒன்றைத் தவிர. கல்யாணம் கேட்டபோது அவள் சொன்னாள்:

"உன்னக் கட்டிக்கிறேன். உன் கழுதையக் கட்டிக்க மாட்டேன்."

உச்சிப்பொழுதுக்குக் கேசல்களின் வண்டி வந்தது. பெண்கள் மடியில் ஆளுக்கொரு துணி மூடிய தட்டு. விருந்துக்கு வரும் ஒவ்வொரு வீடும் ஓர் அடுக்கு கேக் சுட்டுக் கொண்டுவர வேண்டும். ஆப்பிள் விழுதைப் பூசி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது விருந்து வீட்டார் வேலை. வண்டியில் வேறு யாரும் நனையவில்லை. ஓட்டி வந்த ஹோபர்ட் மட்டும் இடுப்பு வரை நனைந்திருந்தார்.

பிளெஸ் வராந்தாவில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். விரல்கள் முடங்கிப் பிடிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. கண்ணும் வாயும் நன்றாகவே இருந்தன. அவர் ஹோபர்ட்டின் கால்சட்டையைப் பார்த்தார். வண்டியில் பூட்டியிருந்த இரண்டு கோவேறு கழுதைகளைப் பார்த்தார். மறுபடி கால்சட்டையைப் பார்த்தார்.

"ஓடையில தண்ணி அதிகமோ?"

"கொஞ்சம்."

"கழுதை நின்னுச்சா?"

முற்றத்தில் இருந்த ராட்லிஃப்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நிக்கல" என்றார் ஹோபர்ட். "தண்ணி குடிச்சுது."

"ஓ. அது தண்ணி குடிக்க நீ எதுக்கு எறங்குன?"

ஹோபர்ட் கழுதைகளைத் தட்டி நகர்த்தினார். வண்டியை வேலியோரமாக நிறுத்தினார். நுகத்தை அவிழ்க்கவில்லை. சேணத்தைக் கழற்றவில்லை. கடிவாளத்தை வேலிக் கம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். ஓர் இழுப்பு இழுத்தால் வண்டி கிளம்பிவிடும். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வெர்டியும் பார்த்தாள். பிறகு லோன்சோவைப் பார்த்தாள்.

சாப்பாடு பலகை மேசைகளில். கோழிக் குழம்பில் மாவு உருண்டைகள், பன்றிக் கொழுப்பில் வெந்த பீன்ஸ், சோள ரொட்டி. ஒரு மேசையில் ராட்லிஃப்கள், மறு மேசையில் கேசல்கள். யாரும் சொல்லி வைக்கவில்லை, அப்படி அமைந்துவிட்டது. ஆண்கள் இரண்டு மூன்று பேராகச் சோளக் களஞ்சியத்துக்குப் பின்னால் போய், வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அங்கே மட்டும் கட்சி பார்க்கவில்லை போலிருக்கிறது. இருந்தது ஒரே சாராய ஜாடி. கேக்கில் சிக்கல் வந்தது. கேசல் வீட்டு அடுக்குகள் அகலம், ராட்லிஃப் வீட்டு அடுக்குகள் சின்னவை. எது அடியில் என்று இரு பக்கத்துப் பெண்களும் ரொம்ப மரியாதையாகப் பேசி, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினார்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. விறகுச் சுள்ளியை முட்டுக் கொடுத்தார்கள்.

லோன்சோ சரியாகச் சாப்பிடவில்லை. 'ஈரக் கழுதை' இல்லாமல் ராட்லிஃப் வீட்டுக்குள் எந்த மருமகளும் வந்ததில்லை. சித்தப்பா கேட்காமல் விடமாட்டார். கேட்டால் வாசிக்க வேண்டும். வாசித்தால் ஓடை வரும். நின்றால் ஹோபர்ட் வண்டியேறுவார், வெர்டியும் ஏறுவாள். நிற்காவிட்டால் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. அப்பா போன பிறகு அவன் கையில் முதலில் பிடில் வில்லைக் கொடுத்தவர் அவர். மாவு உருண்டை ஒன்று தொண்டையில் நின்றது. அதைத் தண்ணீர் ஊற்றி இறக்கினான். இறங்கும்போதே முடிவு செய்துவிட்டான். நிற்பதில்லை. சித்தப்பாவிடம் நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். வண்டியேறிப் போன பெண்டாட்டியிடம் கேட்க முடியாது.

ஆட்டத்துக்கு ராட்லிஃப்கள் முன்னறையை எடுத்துக்கொண்டார்கள். கேசல்கள் பின்னறையை. வெர்டி வந்து நாற்காலியைப் பார்த்தாள். அதைப் பின்னறையைப் பார்க்கத் திருப்பி, அவன் நாற்காலியோடு முதுகு ஒட்டப் போட்டாள்.

"என் சனம் என் மூஞ்சியப் பாக்கட்டும், உன் சனம் உன் மூஞ்சியப் பாக்கட்டும். நம்ம ரெண்டு பேருக்கும் முதுகு போதும்."

கீழ்த் தந்திகள் இரண்டையும் ஏற்றிச் சுருதி கூட்டினார்கள். அவள் பிடிலைக் குலுக்கியபோது உள்ளே கிடந்த கிலுகிலுப்பைப் பாம்பின் காய்ந்த வால்நுனி சலசலத்தது. ஈரம் அண்டாது என்று கீழ் ஓடைக்காரர்கள் போட்டு வைப்பார்கள். ஹோபர்ட் பின்னறையில் தங்கைக்குப் பக்கத்தில் பாஞ்சோவோடு உட்கார்ந்தார். தங்கை கேட்டதற்காக வாசிக்கிறேன், வேறு யாருக்காகவும் இல்லை என்று ஆலியிடம் உரக்கச் சொன்னார். முன்னறையில் லோன்சோவுக்கு எதிரே பிளெஸ், தடியை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு. இரண்டு குடும்பத்திலும் சேராத கடைக்காரர் டூயி, அடவு சொல்கிறவர், வாசல் ஓரமாகச் சாய்ந்து நின்றார். எந்தக் கையைப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் குரலில்தான் இருக்கிறது.

முதல் மெட்டில் லோன்சோவுக்கு வில் கையில் நிற்கவில்லை. பாஞ்சோ. இத்தனை வருஷம் கழித்து அவன் பிடிலுக்கு அடியில் ஒரு பாஞ்சோ ஓடியது. ஒற்றைச் செருப்போடு நடந்து பழகியவனுக்கு மற்றச் செருப்பு கிடைத்தது போல இருந்தது. முதுகில் வெர்டியின் தோள் அசைவது தெரிந்தது. அவள் வில்லை எப்போது திருப்புகிறாள் என்று எலும்பாலேயே கேட்டான். தரைப் பலகைகள் அதிர்ந்தன. விளக்கு மாடத்தில் விளக்கு ஆடியது. அந்த மெட்டு முடிந்ததும் மூச்சுவிடாமல் அடுத்ததை எடுத்தான், அடுத்தது முடிந்ததும் அதற்கடுத்ததை. இடைவெளி விட்டால் சித்தப்பா வாயைத் திறப்பார்.

கடைசியில் ஒரு பெண் மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்தாள். ஆட்டம் நின்றது. பிளெஸ் தடியால் தரையைத் தட்டினார்.

"மருமக வீட்டுக்கு வந்தாச்சு. கழுதை இன்னும் வரல."

முன்னறை சிரித்தது. பின்னறை சிரிக்கவில்லை. ஹோபர்ட் பாஞ்சோவை மடியில் படுக்க வைத்தார். மாவுச் சாக்கு அவர் காலடியில்தான் இருந்தது. அவர் சன்னலுக்கு வெளியே வண்டியைப் பார்த்தார்.

"வாசி, அண்ணே" என்றாள் வெர்டி, திரும்பாமல்.

ஹோபர்ட் பாஞ்சோவை நிமிர்த்தினார்.

லோன்சோ தொடங்கினான். கழுதை மலையிறங்கியது. முதல் பாதியில் யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை. இரண்டு பிடிலும் ஒரே பிடிலாகக் கேட்டன. டூயி குரல் கொடுத்தார், இரண்டு அறையிலும் வட்டம் சுழன்றது. ஓடை நெருங்கியது. லோன்சோ சித்தப்பாவைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

நிற்காமல் போனான்.

முதுகுக்குப் பின்னால் வெர்டி நின்றாள்.

அவன் கரையேறிவிட்டான். அவள் இன்னும் தண்ணீரில். ஒரு தட்டு பின்னால். இரண்டு பிடிலும் கதவிடுக்கில் இரண்டு பேர் முட்டிக்கொள்வது போல முட்டிக்கொண்டன. கண்ணைத் திறந்தான். பிளெஸ்ஸின் தடி சரியாக வெர்டியோடு நின்று, வெர்டியோடு தட்டிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்திருந்தது. பின்னால் ஹோபர்ட்டின் பாஞ்சோ எப்போதும் போல் நேரே போய், லோன்சோவோடு ஓடிக்கொண்டிருந்தது. கேசல் பாஞ்சோ ராட்லிஃபோடு. ராட்லிஃப் தடி கேசலோடு.

அவள் எனக்காக நின்றாள் என்று லோன்சோவுக்குப் புரிய ஒரு சுற்று ஆனது. அடுத்த ஓடையில் அவளோடு நிற்க முடிவு செய்தான். நின்றான். அவளும் அதற்குள் ஏதோ முடிவு செய்திருந்தாள் போலிருக்கிறது. நேரே போய்விட்டாள்.

மறுபடி முட்டல். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தான். பிறகு கிலுகிலுப்பை சலசலக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு. அவனுக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பிடில் வாசிப்பது கஷ்டம், தாடை நழுவும். மூன்றாவது ஓடையில் அவன் எங்கே நின்றான், அவள் எங்கே போனாள் என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசிச் சுற்று என்றால் பிடில்காரன் காலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அவள் கண்ணில் அது படாது என்று முதுகால் ஓர் இடி இடித்தான். இருவரும் எப்படியோ ஒரே இடத்தில் முடித்தார்கள்.

வீடு அமைதியாகும் என்று எதிர்பார்த்தான். ஆகவில்லை. இரண்டு அறையிலும் கைதட்டினார்கள். வேர்த்து ஒழுகிய முகத்தோடு ஆலி பின்னறையிலிருந்து வாசலுக்கு வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு கால் நிறைய ஆடினேன், அதையே இன்னொரு தடவை வாசியுங்கள் என்றாள்.

ஹோபர்ட் மனைவியைப் பார்த்தார்.

"கேட்டியா?"

"என்னத்த?"

"கழுதைய."

"எந்தக் கழுதைய?"

"ஓடையில, ஆலி. இவன் போனான், அவ நின்னா. அப்புறம் இவன் நின்னான், அவ போனா."

ஆலி டூயியைப் பார்த்தாள். டூயி தோளைக் குலுக்கினார். அவர் காதில் விழுந்தது அவருடைய குரல்தான். பிளெஸ் முன்னறையில் நின்ற ராட்லிஃப்களை ஒவ்வொருவராகக் கேட்டார். அவர்கள் காலைப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது என்றார்கள். ஆடுகிறவனுக்குக் கேட்பது டூயியும் பக்கத்தில் உள்ளவன் செருப்பும். தட்டு விடாமல் போய்க்கொண்டிருந்தால் கழுதை எங்கே நின்றால் அவனுக்கென்ன.

ஆலிக்கு மெதுவாக ஏதோ புரிந்துகொண்டு வந்தது.

"இரு. அன்னைக்கு இதே ரூமுல, நான் பாதி ஆட்டத்துல இருக்கையில, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனியே. அது இதுக்கா?"

ஹோபர்ட் பாஞ்சோவின் தோலைத் துடைத்தார்.

"நான் ஏதோ வேலித் தகராறுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் ஆலி.

முன்னறையிலிருந்து ஒரு ராட்லிஃப் பெண், தான் கேள்விப்பட்டது ஒரு பன்றி விஷயமாக என்றாள். இன்னொருத்தி இல்லை, தேர்தல் என்றாள். பேசிக்கொண்டே அவர்கள் பின்னறைக்குள் போய்விட்டார்கள். ஆலி அவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்து, தன் வாழ்க்கையில் எத்தனை நல்ல ஆட்டங்கள் போயின என்று புருஷன் காதில் விழும்படி கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஹோபர்ட் எழுந்தார். சாக்கை எடுத்தார். லோன்சோவின் முதுகில் வெர்டியின் முதுகு விறைத்தது. ஹோபர்ட் இரண்டு நாற்காலிகளையும் சுற்றிக்கொண்டு நடுவாசலைத் தாண்டி முன்னறைக்கு வந்தார். அந்த அறையில் அவர் கால் பட்டு எத்தனை வருஷம். பிளெஸ்ஸின் எதிரே நின்றார்.

பிளெஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். கிழவரின் குரலில் கிண்டல் இல்லை. கொஞ்சம் பயம் கூட இருந்தது.

"உனக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"முதச் சுத்துல என் பக்கம் நின்னது உன் தங்கச்சி."

"நேரா போனது உங்க புள்ள."

"அப்ப எனக்குக் காது போகல" என்றார் பிளெஸ். பெரிய மூச்சு ஒன்று விட்டார். "இந்த வீடு முழுக்க மனுசங்க, ஒருத்தனுக்குக் கேக்கல. உனக்காவது கேட்டுச்சே."

ஹோபர்ட் சாக்கைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஆனா அது நிக்கல, பிளெஸ்."

"நின்னுச்சு. உக்காரு, சொல்றேன்."

"சொல்லி முடிக்க நேரமாகுமா?"

"எங்கப்பா கழுதை வாங்குன நாள்லருந்து ஆரம்பிக்கணும்."

ஹோபர்ட் யோசித்தார். சாக்கைப் பிளெஸ்ஸின் பக்கத்து நாற்காலியில் போட்டு இடம் பிடித்துவிட்டு வெளியே போனார். லோன்சோவும் வெர்டியும் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவர் வேலிக் கம்பிலிருந்து கடிவாளத்தை எடுத்தார். வெர்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஹோபர்ட் நுகத்தை அவிழ்த்தார். சேணத்தைக் கழற்றி ஆப்பிள் மரத்தடியில் லோன்சோவின் கட்டில் மேல் போட்டார். கோழி பறந்தது. கழுதைகள் இரண்டும் புழுதியில் விழுந்து, காலை மேலே தூக்கிப் புரண்டன.

வெர்டி சட்டையை விட்டாள். எழுந்து நாற்காலியைத் திருப்பி, அவனுக்குப் பக்கத்தில், முழங்காலோடு முழங்கால் படப் போட்டாள். இரண்டு அறையிலும் இப்போது யார் எந்தக் குடும்பம் என்று சொல்ல முடியவில்லை.

"இன்னொரு தடவை கேக்குறாங்க" என்றான் லோன்சோ. "எப்படிப் போறது?"

"நீ உன்னுதுல போ. நான் என்னுதுல போறேன். யாரு கேக்கப் போறா?"

"நாங்க கேப்போம்" என்றார் பிளெஸ்.

வாசற்படியில் கைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்த ஹோபர்ட், தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"ஆரம்பி மாப்ள. கழுதை நிக்குதான்னு இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

லோன்சோ வில்லில் பிசின் தேய்த்தான். கழுதை மறுபடி மலையிறங்கத் தொடங்கியது.